‘யூனிற்றரி’ என்ற சொல்லும் மூன்று பிரதிகளும்

இலங்கையின் இனப்பிரச்சினைத் தீர்வு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருக்கலாம். ‘ஐக்கிய இலங்கை’, ‘ஒருமித்த இலங்கை’, ‘பிளவுபடாத இலங்கை’, ‘ஒற்றையாட்சி இலங்கை’ ஆகிய நான்கு தொடர்களும் ஒரே கட்டுரையில், சில சமயம் ஒரே பந்தியில், ஒன்றுக்கொன்று ஈடு என்பதுபோல மாறிமாறி வருகின்றன. லாச்சப்பல் கடைவாசல்களில் அடுக்கிவைக்கப்படும் இலவசப் பத்திரிகைகள் மட்டுமல்ல, அரசியல் விஞ்ஞானம் கற்றவர்களும் இதைச் செய்கிறார்கள். மொழி அசட்டை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இச்சொற்களில் ஒன்றை வைத்துத்தான் 1987 இல் மாகாணசபை எவ்வளவு தூரம் போகலாம் என்று அளக்கப்பட்டது. இன்னொன்றை நம்பும்படிதான் 2017 இல் எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது ‘யூனிற்றரி’ என்ற ஒரேயொரு ஆங்கிலச் சொல். அச்சொல் என்ன சொல்கிறது என்பதைவிட, அது யாரிடம் என்ன சொல்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் அதன் பிறப்பிடம். இது ஆங்கிலேயர்கள் வீட்டில் பேசும் சொல் அல்ல. சட்டக் கல்லூரிச் சொல். ஒக்ஸ்போர்ட்டில் சட்டம் கற்பித்த ஏ.வி. டைசி 1885 இல் வெளியிட்ட அரசியலமைப்புச் சட்டம் பற்றிய விரிவுரைகளில், சமஷ்டிக்கு எதிர்ப்பதமாக ‘யூனிற்றேரியனிசம்’ என்றொரு சொல்லைக் கையாண்டார். அதுவரை பலருக்கும் அச்சொல் நினைவூட்டியது திரித்துவத்தை மறுத்த ஒரு கிறிஸ்தவ சபையைத்தான் என்பது ஒரு வேடிக்கை. டைசியின் கருத்து எளிமையானது: நாட்டின் சட்டமியற்றும் அதிகாரம் முழுவதும் ஒரே மன்றத்தில் குவிந்திருக்கவேண்டும், மற்ற மன்றங்கள் யாவும் அது கொடுத்ததை வைத்திருப்பவையே, கொடுத்ததை அது எப்போதும் திரும்ப எடுக்கலாம். அடுத்த ஆண்டே, 1886 இல், அயர்லாந்துக்கு உள்ளாட்சி கொடுக்கக்கூடாது என்று வாதிடும் நூலொன்றை அதே டைசி எழுதினார். ஆகவே இச்சொல் பிறக்கும்போதே ஒரு சர்ச்சையின் நடுவில், ஒரு பக்கத்தில் நின்றுகொண்டுதான் பிறந்தது. அதை ஏதோ வகைப்பாட்டு அறிவியலின் நடுநிலையான கலைச்சொல் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் கற்பித்தன.

இலங்கைக்கு அது வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1948 இல் சுதந்திரத்தோடு கிடைத்த சோல்பரி யாப்பில் இச்சொல் இல்லை. நாடு அப்போதும் கொழும்பிலிருந்துதான் ஆளப்பட்டது. ஆனால் அதைச் சொல்லி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சமஷ்டி என்ற எதிர்ச்சொல்லையும் தமிழர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1926 இல் அதைப் பேசியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா, அடுத்து டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்கள். 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியபின்தான் அது ‘தமிழர் சொல்’ ஆயிற்று. அதற்குப் பதிலாகவே ‘யூனிற்றரி’ எழுதப்பட்டது. 1971 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் சமஷ்டிக்கான திருத்தத்தை முன்வைத்துப் பேசியவர் உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம் (1985 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்). திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. யூன் இறுதியில் தமிழரசுக் கட்சி சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22 இல் பிரகடனமான யாப்பின் இரண்டாம் உறுப்புரையில், இலங்கைக் குடியரசு எத்தகைய அரசு என்ற இடத்தில், அச்சொல் வந்து அமர்ந்தது. 1978 யாப்பிலும் அதே இரண்டாம் உறுப்புரையில் அது தொடர்ந்தது. அதை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்ற பூட்டும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சொல்லைத் தமிழில் ‘ஒற்றையாட்சி’ என்று பெயர்த்தவர் யாராக இருந்தாலும், அவருக்குத் தமிழ்ச் செவி இருந்திருக்கிறது. ஒற்றை என்பது வெறும் ஒன்று அல்ல. ஒற்றைப்பனை, ஒற்றைக்காலில் நிற்பது, ஒற்றைமாட்டு வண்டி என எங்கும் சோடி இல்லாத தன்மை, துணை சேராத தன்மை, சற்றுப் பிடிவாதமும்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘ஒற்றையாட்சி’ என்று உச்சரிக்கும்போது அதில் ஏற்கெனவே ஒரு மறுப்பு கேட்கிறது. ‘ஒருமித்த’ என்பதோ முற்றிலும் வேறொரு சொல். ஒருமித்த கருத்து, ஒருமித்து எடுத்த முடிவு என்று நாம் சொல்லும்போது, பலர் இருந்தார்கள், அவர்கள் கூடிப் பேசினார்கள், இணங்கினார்கள் என்ற வரலாறு அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. முதலாவது, பிறவியிலேயே ஒன்றாயிருப்பது. இரண்டாவது, பல ஒன்றானதால் ஒன்றாவது. இவ்விரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு மொழிபெயர்ப்புகள் ஆகமாட்டா. அவை அரசு என்பது எப்படி உருவாகிறது என்பது பற்றிய இரண்டு எதிரெதிர்க் கதைகள்.

சிங்களத்தில் அச்சொல் ‘ஏகீய’. ஏகம் என்ற வடமொழி வேரை நாமும் அறிவோம். ஐக்கியம் என்பதற்குச் சிங்களத்தில் ‘எக்சத்’ என்ற வேறு சொல் உண்டு. ஐக்கிய தேசியக் கட்சிக்கும் ஐக்கிய நாடுகளுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, ஆங்கிலத்தில் யுனைற்றட், யூனிற்றரி என்று காதில் அண்டி ஒலிக்கும் இரண்டும் சிங்களத்திலும் தமிழிலும் தெளிவாகவே பிரிந்து கிடக்கின்றன. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் அரசும் விடுதலைப் புலிகளும் ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டிக் கட்டமைப்பு ஒன்றை ஆராய இணங்கியதாக வந்த அறிக்கையில் இருந்தது முதற்சொல்தான். அந்த வேறுபாட்டைப் பெரும்பான்மைச் சிங்கள வாக்காளருக்கு விளக்க எந்தக் கட்சியும் மினக்கெடவில்லை. ‘ஏகீய’ வேண்டாம் என்றால் நாடு ஒன்றாயிருக்க வேண்டாம் என்பதுதான் பொருள் என்று விளங்கிக்கொள்ள அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டார்கள். சட்டக் கலைச்சொல் ஒன்று தெருச்சொல்லாகும்போது அது தன் சட்டப் பொருளை உதறிவிடுகிறது. ஆனால் நீதிமன்றத்துக்குள் போகும்போது அதைத் திரும்ப அணிந்துகொள்கிறது. இந்த இரட்டை வாழ்வைத்தான் நாம் போதுமான அளவு கணக்கில் எடுப்பதில்லை.

நீதிமன்றத்துக்குள் அது என்ன செய்தது? 1987 இல் பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் முன் சென்றது. இந்த மாகாணசபைகள் இரண்டாம் உறுப்புரையோடு முரண்படுகின்றனவா என்பதே கேள்வி. பிரதம நீதியரசர் சர்வானந்தாவும் இன்னும் மூவரும் முரண்பாடு இல்லை என்றார்கள். நீதியரசர் வனசுந்தரா உட்பட நால்வர், முரண்பாடு உண்டு, சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். ஒன்பதாமவரான நீதியரசர் ரணசிங்க, குறிப்பிட்ட சில ஏற்பாடுகளுக்கு மட்டும் வாக்கெடுப்புத் தேவை என்று சொல்ல, அந்த ஏற்பாடுகள் திருத்தப்பட்டுச் சட்டம் நிறைவேறியது. ஒரே சொல்லை ஒரே மொழியில் ஒரே மன்றத்தில் வாசித்த ஒன்பது பேர் இப்படிப் பிரிந்தார்கள். ஆனால் ஒரு விடயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். மாகாணசபையைக் காப்பாற்றிய நால்வரின் வாதம் என்ன? மாகாணசபைகளுக்குச் சுயமான இறைமை இல்லை, பாராளுமன்றத்தின் மேலாதிக்கம் குன்றவில்லை, ஆகவே இது ‘யூனிற்றரி’க்குள் அடங்கும் என்பதுதான். அதாவது, மாகாணசபை உயிர்பிழைத்ததே அது பலவீனமானது என்று நிறுவப்பட்டதால். டைசி மேலிருந்து புன்னகைத்திருப்பார்.

2013 செப்டெம்பர் 21 இல் வடமாகாண சபைக்கு முதற்தடவையாகத் தேர்தல் நடந்தது. ஐந்து நாள் கழித்து, 26 ஆம் திகதி, மலையகத்தின் ஸ்டஃபோர்ட் தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரச காணி மத்திக்கே உரியது, மாகாணசபைக்குள்ள காணி அதிகாரம் மத்தி வழங்கும் காணியின் அளவுக்குத்தான் என்பது அதன் சாரம். பதின்மூன்றாம் திருத்தத்தின் அட்டவணையை அப்படி வாசிப்பதற்கு இரண்டாம் உறுப்புரையின் அந்த ஒரு சொல்லும் துணைக்கு அழைக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறது, உள்ளே சரக்கு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வழக்கையே காட்டுவேன். இங்கு பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கலாம் என்று தீர்மானிக்கப்பட்டது.

இனி 2017 க்கு வருவோம். அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தற் குழு செப்டெம்பர் 21 இல் தன் இடைக்கால அறிக்கையை முன்வைத்தது. அதன் முதற் பக்கங்களிலேயே இச்சொல் பற்றிய ஒரு தந்திரமான யோசனை இருந்தது. ‘யூனிற்றரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய வரைவிலக்கணம் மாறிவிட்டது, பிரித்தானியாவிலிருந்து ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிப்போவதுகூட இன்று சாத்தியம், ஆகையால் அச்சொல் இலங்கைக்குப் பொருந்தாது என்றது அறிக்கை. ஆங்கிலச் சொல் கைவிடப்பட்டது. சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ அப்படியே இருக்கும். தமிழில் ‘ஒற்றையாட்சி’ போய் ‘ஒருமித்த நாடு’ வரும். ஆங்கிலப் பிரதியில் இவ்விரண்டு தொடர்களும் மொழிபெயர்க்கப்படாமல் அருகருகே நிற்கும். அவற்றின் பொருள், பிரிக்கப்படாததும் பிரிக்கமுடியாததுமான, யாப்பைத் திருத்தும் அல்லது மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திடமும் மக்களிடமும் உள்ள அரசு என்று வரையறுக்கப்படும்.

இதைக் கண்டித்தவர்களும் ஆதரித்தவர்களும் அப்போது எழுதியவற்றை இன்று திரும்ப வாசிக்கையில் அலுப்புத்தான் மிஞ்சுகிறது. ‘ஒருமித்த நாடு’ என்றால் சமஷ்டிதான், பயப்படாதீர்கள் என்று தமிழில் சொல்லப்பட்டது. ‘ஏகீய’ அப்படியேதான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சிங்களத்தில் சொல்லப்பட்டது. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரு பக்கத்திலும் உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மறுபக்கத்தில், இது ஏமாற்று என்ற கஜேந்திரகுமார் பொன்னம்பலம் போன்றோரின் விமர்சனம் உண்மையைத் தொட்டது. ஆனால் அதில் ஒரு பகுதி சரியான மொழிபெயர்ப்பு எது என்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றது. ‘ஏகீய’வுக்குத் தமிழ் ‘ஒற்றையாட்சி’தான் என்று நிரூபித்துவிட்டால் வழக்கு வென்றுவிடும் என்பதுபோல.

ஆதரித்தவர்களுக்கு நியாயமான ஒரு வாதம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். யாப்பே ஒரு சொல்லுக்கு வரைவிலக்கணம் கொடுத்துவிட்டால் நீதியரசர்கள் அகராதியையோ டைசியையோ புரட்டவேண்டியதில்லை. அந்த வரைவிலக்கணத்தைத் தனியே எடுத்து வாசித்தால், பல சமஷ்டி நாடுகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அது எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள். கொடுத்த அதிகாரத்தை மத்தி தானாகத் திரும்ப எடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்த வரைவிலக்கணத்துக்குள் பதில் இல்லை. டைசியிலிருந்து 1987 தீர்ப்பு வரை இச்சொல்லின் உயிர்நிலை அந்தக் கேள்விதான். அதுபோக, ‘ஏகீய’ என்பது புதிதாகப் பிறந்த சொல் அல்ல. நாற்பத்தைந்து ஆண்டுத் தீர்ப்புகள் அதில் படிந்திருந்தன. ‘ஒருமித்த நாடு’ என்பதில் எந்தத் தீர்ப்பும் படிந்திருக்கவில்லை. ஒரு வழக்கில் இரண்டும் மோதினால் எது கனக்கும் என்பதை ஊகிக்கச் சட்டப் படிப்புத் தேவையில்லை. இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் இடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று அங்கே இருக்கும். கடற்றொழில் பற்றிய சட்டமாயிருந்தாலும், வருமானவரிச் சட்டமாயிருந்தாலும், கடைசி வரி அதுதான். இந்தப் பிரிவு உயிரோடு இருக்கும் நாட்டில் தமிழுக்கு மட்டும் ஒரு நல்ல சொல்லைப் பரிசளிப்பது, வாசிக்கத் தரப்பட்டதும் ஆனால் வழக்காடமுடியாததுமான ஒரு பிரதியைக் கையில் தருவதாகும்.

அகதி விண்ணப்பத்துக்காக வாக்குமூலம் கொடுத்த எவருக்கும் இது புதிதல்ல. ‘இயக்கத்துக்கு உதவி செய்தனான்’ என்று தமிழில் சொன்னது பிரெஞ்சில் ‘இயக்கத்துக்காக வேலை செய்தேன்’ என்று தட்டெழுதப்படலாம். கோவையில் இருக்கும் பிரதிதான் தீர்ப்பை எழுதுகிறது. சொன்னவரின் மொழியில் அவர் என்ன எண்ணினார் என்பது அவருக்கும் அவருடைய நித்திரைக்கும் இடையிலான விடயமாகிவிடுகிறது.

வழிநடத்தற் குழு பிரித்தானியாவை உதாரணம் காட்டியதில் ஒரு பாதிதான் உண்மை. 1972 மார்ச்சில், அதாவது எங்கள் முதற் குடியரசு யாப்புக்கு இரண்டு மாதம் முன்பு, லண்டன் அரசு வட அயர்லாந்தின் ஸ்ரோர்மொண்ட் பாராளுமன்றத்தை இடைநிறுத்தி ஆட்சியைத் தன்வசம் எடுத்தது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் டைசியின் தத்துவம் அப்படியே நடைமுறையானது. 1998 இல், பெரிய வெள்ளி உடன்படிக்கையின்பின், வட அயர்லாந்தின் பெரும்பான்மையினர் விரும்பினால் பிரிந்துபோகலாம் என்பதை அதே லண்டன் பாராளுமன்றம் சட்டமாக்கியது. 2014 செப்டெம்பர் 18 இல் ஸ்கொட்லாந்து மக்கள் தனித்துப் போவதா என்று வாக்களித்தார்கள், 55 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள், வீட்டுக்குப் போனார்கள். 1972 இல் பறித்ததும் 1998 இல் கொடுத்ததும் ஒரே ‘யூனிற்றரி’ நாடுதான். சொல் மாறவில்லை. ஆயுதமும் பேச்சுவார்த்தையும் பெல்பாஸ்ட் தெருக்களும்தான் அதற்குள் இருந்த பொருளை மாற்றின. சொல்லைக் கைவிட அதைக் காரணமாகக் காட்டிய குழு, அந்த மாற்றத்தை உள்ளே எடுக்கத் துணியவில்லை.

நாம் வாழும் இந்த நாட்டைப் பாருங்கள் என்று சிங்களத் தேசியவாதிகளும் சொல்வதுண்டு. பிரான்ஸ் ஒற்றையாட்சிதானே, அங்கே தமிழர்கள் நிம்மதியாக இல்லையா? 1958 பிரெஞ்சு யாப்பில் ‘யூனிற்றேர்’ என்ற சொல் கிடையாது; பிரிக்கமுடியாத குடியரசு என்றுதான் இருக்கிறது. அந்தப் பிரிக்கமுடியாமைக்கும் இரத்தக் கறை உண்டு: 1793 இல் ‘சமஷ்டிவாதி’ என்பது கில்லட்டினுக்கு அனுப்பப் போதுமான குற்றச்சாட்டு. 1991 மே மாதத்தில் கோர்சிக்க மக்கள் என்ற தொடரையே அரசியலமைப்பு மன்றம் ஒரு சட்டத்திலிருந்து வெட்டியெறிந்தது. ஆனால் 1998 இன் நூமியா உடன்படிக்கைக்குப்பின் நூவெல் கலெதோனிக்கு மாற்றப்பட்ட அதிகாரங்கள் நிரந்தரமாக மாற்றப்பட்டவை என்று அதே யாப்பு சொல்கிறது. அங்குள்ள பேரவை ‘நாட்டின் சட்டம்’ என்ற பெயரிலேயே சட்டம் இயற்றுகிறது. இதைச் சொர்க்கம் என்று காட்டவில்லை. 2024 மே மாதத்தில், வாக்காளர் தகுதியை விரிக்கப் பரிஸ் முனைந்தபோது, நூமியா எரிந்தது. திரும்ப எடுக்கமுடியாத அதிகாரம் என்ற ஒன்று ‘பிரிக்கமுடியாத’ என்ற சொல்லோடு கூட வாழமுடியும் என்பதற்கு மட்டுமே இந்த உதாரணம். இங்கு லிசேயில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு ‘எத்தா யூனிற்றேர்’ என்பது பரீட்சைக்கு மனனம் செய்யும் ஒரு வகைப்பாடு. அவர்களுடைய தகப்பன்மாருக்கு ‘ஒற்றையாட்சி’ என்பது ஓர் ஆண்டு, ஒரு வெளிநடப்பு, அதன்பின் வந்த எல்லாம். சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே சொல்லைப் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இடைக்கால அறிக்கைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பு, 2017 ஓகஸ்ட் 4 இல், இன்னொரு தமிழ்ச் சொல் உயர் நீதிமன்றத்தில் நின்றது. தமிழரசுக் கட்சி பிரிவினை கோருகிறது, ஆகவே ஆறாம் திருத்தத்தை மீறுகிறது என்று ஒருவர் தொடுத்த வழக்கு. கட்சி தன் யாப்பில் ‘சமஷ்டி’ என்பதற்குப் பதில் ‘இணைப்பாட்சி’ என்று எழுதியது, தனிநாடுகளின் கூட்டுக்கான இரகசியக் குறியீடு என்பது வாதங்களில் ஒன்று. வடமொழிச் சொல்லைத் தள்ளித் தமிழ்ச்சொல்லை வைத்தது சதியாக வாசிக்கப்பட்டது! ஆங்கிலத்தில் ‘ஃபெடரல் பார்ட்டி’ என்றும் தமிழில் ‘தமிழ் அரசு’ என்றும் இரு பெயரில் வாழ்ந்த கட்சிக்கு இந்தச் சந்தேகம் 1949 இலிருந்தே பழக்கம்தான். நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்றது. யூனிற்றரி, ஃபெடரல் என்று முத்திரை குத்துவது சிலவேளை வழிதவறச் செய்யும் என்றும் கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே முத்திரைதான் யாப்பின் இரண்டாம் உறுப்புரையில் சர்வஜன வாக்கெடுப்பு என்ற பூட்டோடு இருக்கிறது.

எல்லோரும் பெயரடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, பெயர்ச்சொல் சத்தமில்லாமல் மாறியதையும் சொல்லவேண்டும். சிங்களத்தில் ‘ராஜ்ய’: அரசு. தமிழில் ‘நாடு’. அரசு என்பது அதிகாரத்தின் அமைப்பு. நாடு என்பது மண், ஊர், மக்கள். ‘ஒற்றையாட்சி’ என்ற பழைய சொல்லில் ஆட்சி இருந்தது. அதில் யார் ஆள்கிறார்கள் என்று கேட்க இடமிருந்தது. ‘ஒருமித்த நாடு’ என்பதில் ஆட்சி என்ற சொல்லே இல்லை. சிங்கள வாசகருக்கு அதிகாரம் பற்றிய வாக்குறுதி. தமிழ் வாசகருக்கு நிலப்படம் பற்றிய வாக்குறுதி.

2018 ஒக்டோபரின் அரசியல் சதியோடு அந்த முயற்சி நொண்டியது; 2019 நவம்பர் தேர்தலோடு நின்றது. 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2015 க்கும் 2019 க்கும் இடையில் நடந்த யாப்புப் பணியை நிறைவுசெய்வதாகத் தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்தது. அது மேசைக்குத் திரும்ப வருமானால் ‘ஒருமித்த நாடு’வும் கூடவே வரும், அதற்கான ஆதரவும் எதிர்ப்பும் 2017 இன் அச்சுக்கோப்பிலேயே தயாராக இருக்கின்றன. இரண்டாம் உறுப்புரையில் எந்தத் தமிழ்ச்சொல் இருக்கிறது என்று பார்க்கும் முன், பிரதிகள் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வரியையும், மாகாணத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க யாருடைய சம்மதம் வேண்டும் என்ற வரியையும் நான் தேடுவேன். இந்த இரண்டு வரிகளையும் மூன்று மொழிகளிலும் ஒரே பொருள்படவே எழுதமுடியும். 2017 இல் யாரும் அவற்றில் தொடங்கவில்லை.